ஃப்ளோரென்டினோ பெரெஸ் ரியல் மாட்ரிட்டின் முதலாளியா? உறுப்பினர் கழகமும் ஒரு கட்டுமானத் தொழிலதிபரும்: எளிய விளக்கம்

ஐரோப்பாவில் கால்பந்து வீரர்கள் அணி மாறும் கோடைக்காலம் வந்துவிட்டால், தமிழ் ரசிகர்களின் பேச்சில் ஒரு வரி தவறாமல் அடிபடும்: "பெரெஸ் காசை அள்ளி இறைக்கிறார்." ஃப்ளோரென்டினோ பெரெஸ் உலகின் பெரிய கட்டுமானக் குழுமங்களில் ஒன்றின் தலைவர் என்பது உண்மை. ரியல் மாட்ரிட் கழகத்தின் தலைவர் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் கூட்டி, கட்டடம் கட்டிச் சம்பாதித்த காசில் கழகத்தை வாங்கி நடத்துகிறார் என்று கணக்குப் போடும்போதுதான் தவறு நேர்கிறது. அவர் கழகத்தை வாங்கவில்லை. நினைத்தாலும் வாங்கியிருக்க முடியாது, ஏனென்றால் விற்பதற்கு அங்கே பங்குகளே கிடையாது.

ரஷ்யச் செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச் 2003-இல் இங்கிலாந்துக் கழகமான செல்சியை வாங்கினார். 2008-இல் ஷேக் மன்சூரின் அபுதாபி குழுமம் இன்னொரு இங்கிலாந்துக் கழகமான மான்செஸ்டர் சிட்டியை வாங்கியது. அவர்கள் முதலாளிகள். அணிக்குப் பணம் போதவில்லை என்றால் தம் கையிலிருந்து போட்டார்கள். பெரெஸின் நிலைமை அடியோடு வேறு. அந்த வேறுபாடு பிடிபட்டால், அவர் ஏன் தேர்தலில் நின்றார், ஏன் பயிற்சி மைதானத்தை விற்றார், ஏன் அரங்கத்துக்காகப் பெருங்கடன் வாங்கினார் என்பதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

## சங்கமும் அதன் தலைவரும்

ஊரிலுள்ள பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். பால் ஊற்றும் எல்லோரும் உறுப்பினர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. தலைவர் தேர்தலில் ஜெயித்து வருகிறார். கட்டடம், குளிரூட்டும் தொட்டி, வண்டி எல்லாம் சங்கத்துச் சொத்து. தலைவர் எவ்வளவு பெரிய பண்ணைக்காரராக இருந்தாலும் பதவி முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது.

ரியல் மாட்ரிட்டும் இப்படித்தான். 1902-இல் தொடங்கிய இந்தக் கழகம் அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தம். ஸ்பானியர்கள் அவர்களைச் 'சோசியோ' என்கிறார்கள்: ஆண்டுச் சந்தா கட்டி, கழகத்தில் ஓட்டுரிமை பெற்றவர். அவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கிறது. தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்கள்தான். ஆண்டு வரவு செலவுக்கு ஒப்புதல் தருவது, உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் சுமார் 2,000 பிரதிநிதிகள் கூடும் பேரவை.

பால் சங்கத்தோடு ஒப்பிடுவது ஓர் இடத்தில் முறிகிறது. சங்கத்தில் லாபம் வந்தால் உறுப்பினருக்குப் போனஸ் கிடைக்கும். ரியல் மாட்ரிட்டில் உறுப்பினருக்கு ஒரு யூரோகூடக் கிடைக்காது. லாபம் கழகத்திலேயே தங்கி, வீரர்களாகவும் அரங்கமாகவும் மாறும். தலைவர் பதவிக்குச் சம்பளமும் இல்லை.

ஸ்பெயினில் ஒரு காலத்தில் எல்லாக் கழகங்களும் இப்படித்தான் இருந்தன. கடன் கழுத்தை நெரித்ததால் 1990-இல் அரசு விளையாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி தொழில்முறைக் கழகங்கள் பங்குகள் கொண்ட நிறுவனங்களாக மாற வேண்டும். கணக்கு நல்ல நிலையில் இருந்த நான்கு கழகங்களுக்கு மட்டும் விலக்கு: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவ், ஒசாசுனா. அந்த நால்வரும் உறுப்பினர் கழகங்களாகவே தொடர்ந்தார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம்: பெரெஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். கழகத்தில் அவருக்குப் பங்கு இல்லை, சம்பளம் இல்லை, லாபத்தில் பாகமும் இல்லை.

## அப்படியானால் யார் வேண்டுமானாலும் தலைவராகலாமா?

காகிதத்தில் ஆகலாம். நடைமுறையில் முடியாது. காரணம் வங்கி உத்தரவாதம்: "இவர் பதவிக்காலத்தில் கழகத்துக்கு நட்டம் வந்து, இவர் கட்டத் தவறினால் நாங்கள் கட்டுகிறோம்" என்று ஒரு வங்கி எழுதிக்கொடுக்கும் உறுதி. தலைவர் பதவிக்கு நிற்பவர் கழகத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 15 சதவீதத்துக்கு இப்படி ஓர் உத்தரவாதம் கொண்டுவர வேண்டும்.

இதைத்தான் பலரும் "பெரெஸ் கழகத்தில் பணம் போட்டிருக்கிறார்" என்று புரிந்துகொள்கிறார்கள். உத்தரவாதம் என்பது கைமாறிய பணமல்ல. நட்டம் வராதவரை அதிலிருந்து ஒரு காசும் நகராது. ஆனால் அதை எழுதித்தர வங்கி ஒத்துக்கொள்ள வேண்டுமானால், வேட்பாளருக்கு அந்த அளவு சொத்து இருக்க வேண்டும்.

2009-இல் பெரெஸ் கொடுத்த உத்தரவாதம் சுமார் 5.7 கோடி யூரோ. 2023-24 பருவத்தில் ரியல் மாட்ரிட்டின் வருமானம் 100 கோடி யூரோவைத் தாண்டியது; அந்த அளவை எட்டிய முதல் கால்பந்துக் கழகம் அதுதான். கழகம் வளர வளர உத்தரவாதமும் வளர்கிறது. 15 சதவீதம் என்பது இப்போது 15 கோடி யூரோவுக்கு மேல். இதற்கு மேல் 2012-இல் கழக விதிகளைத் திருத்தினார்கள். வேட்பாளர் குறைந்தது 20 ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் (முன்பு 10 ஆண்டு), உத்தரவாதத்துக்கு அவருடைய சொந்தச் சொத்தே பிணையாக வேண்டும் என்றும் ஆனது. அப்போது தலைவராக இருந்தவர் பெரெஸ்தான்.

விளைவு என்ன? 2009, 2013, 2017, 2021, 2025 என ஐந்து முறை அவர் போட்டியின்றியே தேர்வானார். கழகத்தைப் பொறுப்பற்றவர்களிடமிருந்து காக்கும் வேலியாக இந்த விதிகளை அவர் தரப்பு சொல்கிறது. வேலியின் நோக்கம் சரி. ஆனால் ஒரு லட்சம் பேர் கொண்ட சங்கத்தில் தலைவராக நிற்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றால், ஓட்டுரிமையின் கனம் குறைந்துவிடுகிறது என்பதே என் கருத்து. ஆளுக்கு ஒரு ஓட்டு உண்டு. அந்த ஐந்து முறையும் அதைப் போடுவதற்கு இன்னொரு பெயர் சீட்டில் இல்லை.

## ஒரு பெசெட்டாவுக்கு வாங்கிய நிறுவனம்

உத்தரவாதம் கொடுக்கும் அளவுக்குச் சொத்து எப்படி வந்தது? பெரெஸ் 1947-இல் மாட்ரிட்டில் பிறந்தவர், கட்டடப் பொறியாளர். முதலில் போனது அரசியலுக்கு. ஜனநாயகம் திரும்பிய காலத்தில் மாட்ரிட் மாநகராட்சியிலும் பிறகு அரசுத் துறைகளிலும் பதவிகளில் இருந்தார். 1986 பொதுத் தேர்தலில் அவர் பொதுச் செயலாளராக இருந்த கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அரசியல் அத்தோடு முடிந்தது. ஆனால் மாநகராட்சிக் கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்ற அறிவு கூடவே வந்தது.

1983-இல் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, நொடித்துப்போன பாட்ரோஸ் என்ற கட்டுமான நிறுவனத்தைப் பெயரளவுக்கு ஒரு பெசெட்டா கொடுத்து வாங்கினார். (பெசெட்டா, யூரோவுக்கு முந்தைய ஸ்பெயின் நாணயம்.) விலை ஒரு பெசெட்டா என்றாலும் அதன் கடன்களும் கூடவே வந்தன. அதைத் தேற்றி, அடுத்து ஓசிசா, பிறகு இன்னும் சில என்று சேர்த்துச் சேர்த்து, 1997-இல் ஏசிஎஸ் குழுமம் உருவானது. 2003-இல் ஸ்பெயினின் பெரும் நிறுவனமான ட்ராகடோஸ் அதில் இணைந்தது. 2011-இல் ஜெர்மனியின் ஹோக்டீஃப் நிறுவனத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஏசிஎஸ் கைக்கு வந்தது. அதோடு அமெரிக்காவின் டர்னர் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் லெய்ட்டனும் வந்தன. 2024-இல் குழுமத்தின் விற்றுமுதல் 4,000 கோடி யூரோவுக்கு மேல்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஏசிஎஸ்ஸிலும் பெரெஸ் முழு முதலாளி கிடையாது. அவர் பங்கு 12 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்துவந்திருக்கிறது. தனக்கு முழுக்கச் சொந்தமில்லாத ஒன்றை நீண்ட காலம் தன் பிடியில் வைத்து நடத்துவதுதான் அவர் வாழ்க்கை முழுவதும் தெரியும் திறமை. நலிந்ததை வாங்கு, சொத்து எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று பார், அதைக் காசாக்கு, அடுத்த பெரியதை நோக்கிப் போ. இதே முறையைத்தான் அவர் கால்பந்துக்குக் கொண்டுவந்தார்.

## 2000 தேர்தலும் ஃபிகோவும்

முதல் முயற்சி தோல்வி. 1995-இல் அப்போதைய தலைவர் ரமோன் மென்டோசாவிடம் சுமார் 700 ஓட்டில் தோற்றார். 2000-இல் எதிரே நின்ற லோரென்சோ சான்ஸ், ஐரோப்பாவின் சிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை இரண்டு முறை கொண்டுவந்த தலைவர். இரண்டாவதை வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யாரும் அசைக்க முடியாத ஆள் என்று தோன்றியது.

பெரெஸ் கொடுத்த முக்கிய வாக்குறுதி இது: பரம எதிரியான பார்சிலோனாவிலிருந்து நட்சத்திர வீரர் லூயிஸ் ஃபிகோவைக் கொண்டுவருவேன். வரவில்லை என்றால் உறுப்பினர்களின் பருவச்சீட்டுக் கட்டணத்தை நானே கட்டுகிறேன்.

இது எப்படிச் சாத்தியம்? ஸ்பெயினில் வீரர் ஒப்பந்தங்களில் விடுவிப்புத் தொகை என்று ஒன்று எழுதப்படும். அந்தத் தொகையைக் கட்டிவிட்டால், கழகம் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் வீரர் விலகலாம். ஃபிகோவின் தொகை சுமார் 6 கோடி யூரோ. அன்றைய உலகச் சாதனை விலை. பார்சிலோனாவிடம் பேரம் பேச வேண்டிய தேவையே இல்லை, ஃபிகோ சம்மதித்தால் போதும். பெரெஸ் சுமார் 3,000 ஓட்டில் ஜெயித்தார், ஃபிகோ வந்தார்.

ஆனால் அந்த 6 கோடி பெரெஸின் பணமல்ல, கழகத்தின் பணம். கழகமோ அப்போது பெருங்கடனில் இருந்தது. பிறகு எங்கிருந்து வந்தது? இந்தக் கதையின் மையமே இந்தக் கேள்விதான்.

## நிலம் காசானது எப்படி

மாட்ரிட்டின் முக்கிய நெடுஞ்சாலையான காஸ்டெயானாவின் வடகோடியில் ரியல் மாட்ரிட்டுக்கு ஒரு பயிற்சி மைதானம் இருந்தது. 1960-களில் திறந்தபோது அது ஊருக்கு வெளியே. நாற்பதாண்டில் ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துவிட்டது. ஆனாலும் நகரத் திட்டத்தில் அது விளையாட்டுக்கான நிலம். விளையாட்டு நிலத்தில் புல்தான் வளர்க்கலாம், கோபுரம் எழுப்ப முடியாது. அதனால் விலையும் குறைவு.

இங்கே வருவது நில வகைமாற்றம்: ஒரு நிலத்தை இன்ன பயனுக்கு என்று ஒதுக்கியிருப்பதை அரசு மாற்றி எழுதுவது. மண் அதேதான், எல்லை அதேதான். காகிதத்தில் ஒரு சொல் மாறுவதால் விலை பன்மடங்காகிறது. 2001-இல் மாட்ரிட் மாநகராட்சியும் மாகாண அரசும் கழகமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அலுவலகக் கோபுரங்கள் கட்டலாம் என்று வகை மாற்றப்பட்டது. கழகத்துக்குக் கிடைத்தது 50 கோடி யூரோவை ஒட்டிய தொகை. கடன் தீர்ந்தது, பெரிய வீரர்கள் வர வழி திறந்தது.

இன்று அந்த இடத்தில் நான்கு கோபுரங்கள் நிற்கின்றன. மிக உயரமானது சுமார் 250 மீட்டர். பிறகு ஐந்தாவதும் எழுந்தது. கழகம் ஊருக்கு வெளியே வால்தெபெபாஸ் என்ற இடத்தில் 120 ஹெக்டேரில் புதிய பயிற்சி நகரம் கட்டி, 2005-இல் திறந்தது.

இதைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை, ஓயவும் கூடாது. வகைமாற்றத்தால் பிறக்கும் மதிப்பு யாருடையது? நிலம் கழகத்துடையது, சரி. மதிப்பைக் கூட்டிய கையெழுத்து பொதுமக்களின் அரசுடையது. மாநகராட்சிக்கும் மாகாணத்துக்கும் நிலத்தில் பங்கு கிடைத்தது என்பது ஒரு தரப்பு. எல்லாக் கழகங்களுக்கும் இந்தக் கதவு திறக்குமா என்பது இன்னொரு தரப்பு. லாஸ் தப்லாஸ் என்ற வேறொரு நிலத்தைப் பற்றிய வழக்கில், மாநகராட்சி தந்த இழப்பீட்டில் 1.84 கோடி யூரோவைத் திருப்பித்தருமாறு ஐரோப்பிய ஆணையம் 2016-இல் கழகத்துக்கு உத்தரவிட்டது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. சட்டப்படி கழகம் தப்பியது. கேள்வி நியாயமானது என்பதில் எனக்கு மாற்றமில்லை.

சாரம்: ஃபிகோவுக்குப் பின் 2001-இல் ஜிடேன், 2002-இல் பிரேசிலின் ரொனால்டோ, 2003-இல் பெக்காம் என்று வந்த 'கலாக்டிகோ' நட்சத்திர வரிசை பெரெஸின் சட்டைப்பையிலிருந்து வந்ததல்ல. கழகத்திடம் முடங்கிக் கிடந்த நிலம் காசானதால் வந்தது.

## ஜெர்சி விற்றே விலையை எடுத்துவிடலாமா?

இன்னொரு பரவலான நம்பிக்கை: நட்சத்திரத்தை வாங்கினால் ஜெர்சி விற்றே போட்ட காசை எடுத்துவிடலாம். முடியாது. ஜெர்சியின் விலையில் பெரும்பகுதி தயாரிப்பாளருக்கும் கடைக்காரருக்கும் வரிக்கும் போய்விடும். கழகத்துக்கு வருவது ஒரு சிறு பங்கு. நட்சத்திரம் உண்மையில் கொண்டுவருவது அடுத்த ஒப்பந்தத்தின் மதிப்பு: ஆடை நிறுவனமும் விளம்பரதாரரும் தொலைக்காட்சியும் அடுத்த முறை அதிகம் தர முன்வருவார்கள். அதோடு, வீரரின் விளம்பர வருமானத்தில் கழகத்துக்கு ஒரு பாகம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் வழக்கத்தையும் பெரெஸ் பெரிய அளவில் கையாண்டார்.

இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. 2003-இல் நடுக்களத்தில் தடுப்பாட்டத்தைத் தாங்கிநின்ற மக்கெலெலேயை செல்சிக்கு விட்டுவிட்டார்கள்; கோப்பைகள் தந்த பயிற்சியாளர் தெல் போஸ்கேயையும் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் மூன்று பருவம் பெரிய கோப்பை எதுவும் இல்லை. 2006 பிப்ரவரியில் பெரெஸ் பதவி விலகினார். 2009-இல் திரும்பி வந்தபோது கிறிஸ்டியானோ ரொனால்டோ, காகா, பென்சிமா ஆகியோரோடு நடுக்கள வீரர் சாபி அலோன்சோவையும் வாங்கினார். அணிக்கு முகங்கள் மட்டும் போதாது என்ற பாடம் அதில் தெரிகிறது. 2014-க்கும் 2024-க்கும் இடையில் ஆறு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள்.

## நாளைய வருமானத்தை இன்றே வாங்குவது

ஏசிஎஸ் போன்ற நிறுவனங்களின் பிழைப்பில் ஒரு பகுதி சலுகை ஒப்பந்தத்தைச் சார்ந்தது: அரசுக்காக ஒரு சாலையையோ சுரங்கப்பாதையையோ கட்டிக்கொடுத்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதன் கட்டணத்தை வசூலித்துக்கொள்ளும் உரிமை. கட்டும் பணம் கடனாக வரும். கடனை வருங்கால வசூல் அடைக்கும்.

ரியல் மாட்ரிட்டின் சொந்த அரங்கமான சான்டியாகோ பெர்னபேவைப் புதுப்பித்ததும் இதே புத்திதான். 2019-இல் வேலை தொடங்கியது. மூன்று தவணையாக 57.5 கோடி, 22.5 கோடி, 37 கோடி யூரோ என்று மொத்தம் 117 கோடி யூரோ கடன். அதை ஆண்டுக்காண்டு அரங்க வருமானத்திலிருந்து அடைக்க வேண்டும். புல்தரையைத் துண்டுகளாக்கி நிலத்தடிக்கு இறக்கிவைக்கும் அமைப்பு, மூடித் திறக்கும் கூரை ஆகியவற்றின் நோக்கம் ஆட்டமில்லாத நாட்களிலும் அரங்கம் சம்பாதிக்க வேண்டும் என்பதே. 2022-இல் சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 36 கோடி யூரோ கொடுத்து, அரங்கத்தின் சில புதிய தொழில்களின் வருமானத்தில் 20 ஆண்டுக்குப் பங்கு பெற்றது.

இங்கே ஒரு வதந்தியை நிறுத்திவிடலாம். அரங்கத்தைப் புதுப்பித்தது பெரெஸின் நிறுவனம் அல்ல. ஒப்பந்தம் போட்டி நிறுவனமான எஃப்சிசிக்குப் போனது. அமெரிக்காவில் பெரிய அரங்கங்களைக் கட்டிப் பழகிய டர்னர் ஏசிஎஸ் கையில் இருந்தும்கூட.

வருங்கால வசூலை நம்பும் முறை எப்போதும் கைகொடுக்காது. பெர்னபேவில் 2024 கோடையில் பெரிய இசை நிகழ்ச்சிகள் நடந்தன. சுற்றிலும் குடியிருப்போர் இரைச்சல் தாங்காமல் புகார் கொடுத்தார்கள். செப்டம்பரில் கழகமே நிகழ்ச்சிகளை நிறுத்திவைத்தது. ஏசிஎஸ்ஸுக்கு இதைவிடக் கசப்பான அனுபவம் உண்டு. ஸ்பெயினின் கிழக்குக் கடலில் காஸ்தோர் என்ற எரிவாயுச் சேமிப்புத் திட்டம் அதன் கட்டுப்பாட்டிலிருந்த நிறுவனத்துடையது. 2013-இல் வாயுவைச் செலுத்தியபோது நூற்றுக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள். திட்டம் நின்றது. ஆனால் ஒப்பந்தத்தில் இழப்பீட்டு விதி இருந்ததால் 2014-இல் 135 கோடி யூரோ ஈடு கொடுக்கப்பட்டது. அந்தச் சுமை எரிவாயு நுகர்வோர் தலையில் விழும்படி இருந்தது. 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்துசெய்தது. சாலைக்கும் வாயுக்கும் ஒப்பந்தம் போட்டவர்களை அரசு காப்பாற்ற முன்வரலாம். அரங்கக் கடன் திரும்பாவிட்டால் சுமக்கப்போவது உறுப்பினர்களின் கழகம்.

## இரண்டு நாற்காலிகள்

கழகத்திலிருந்து சம்பளம் இல்லை என்றால் பெரெஸுக்கு என்ன லாபம்? பெர்னபேவின் விருந்தினர் மாடத்தைப் பற்றி ஸ்பெயினில் பல காலமாகப் பேச்சு உண்டு. அமைச்சர்கள், வங்கித் தலைவர்கள், நீதிபதிகள், தொழிலதிபர்கள் வரிசையாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் இடம் அது. நடுவில் அமர்ந்திருப்பவர் அரசு ஒப்பந்தங்களை எடுக்கும் குழுமத்தின் தலைவர். அங்கே தொழில் பேசுவதில்லை என்று பெரெஸ் மறுத்துவந்திருக்கிறார். ஒப்பந்தம் கைமாறியதாக நான் சொல்லவில்லை. யாரையும் அழைக்கக்கூடிய ஒரு மாடம் கையில் இருப்பதே பெரிய செல்வாக்கு. அதற்கு ரசீது தேவையில்லை. 2021 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போட்டியாக 12 கழகங்கள் அறிவித்த சூப்பர் லீக்கின் தலைவராக அவர் முன்னால் நின்றபோது அந்தச் செல்வாக்கின் எல்லையும் தெரிந்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கியதும், ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் இரண்டு நாளில் விலகிவிட்டன.

## இனி உறுப்பினர்கள் கையில் என்ன?

2024 நவம்பர் பேரவையில், கழகத்தின் அமைப்பையே மாற்றும் யோசனை கொண்டுவரப்போவதாகப் பெரெஸ் அறிவித்தார். அடுத்த நவம்பரில் அதன் வடிவத்தைச் சொன்னார்: ஒரு துணை நிறுவனம் தொடங்கி, அதில் 5 சதவீதம் போன்ற சிறு பங்கை வெளி முதலீட்டாளருக்குத் தரலாம், கட்டுப்பாடு உறுப்பினர்களிடமே இருக்கும். பணத்தைவிட, கழகத்தின் மதிப்பை உலகுக்குத் தெளிவாகக் காட்டவும் உறுப்பினர்களே உரிமையாளர்கள் என்பதை உறுதிசெய்யவும்தான் இது என்பது அவர் வாதம்.

1990-இல் ஸ்பெயினின் மற்றக் கழகங்களுக்குச் சட்டம் கொண்டுவந்த பங்கு என்ற ஒன்று, ரியல் மாட்ரிட்டுக்குள் முதன்முறையாக நுழைவது இதில்தான். ஐந்து சதவீதம் சிறிதுதான். ஆனால் முதலீட்டாளர் லாபத்துக்காக வருகிறவர். இதுவரை லாபத்தில் ஒரு யூரோகூட யாருக்கும் பிரித்துக்கொடுக்காத கழகம், அதன்பின் பங்குலாபம் பற்றிப் பேச வேண்டிவரும். இப்படி ஒரு மாற்றத்தைத் தலைவரோ இயக்குநர் குழுவோ தாமாகச் செய்துவிட முடியாது. பேரவை கூடி, எல்லா உறுப்பினர்களிடமும் ஓட்டுக்கு விட வேண்டும். 2009 முதல் 2025 வரை ஐந்து முறையும் தலைவர் பதவிக்கு ஓட்டுப்போட வாய்ப்பே வராத கழகத்தில், உறுப்பினர்கள் உண்மையிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடிய ஓட்டு அதுதான்.